சூரியன் என்ன மெட்டீரியல்

மொட்டை மாடியில் இருந்தவர்கள் இவர்கள்.

நான். குழாய் வெல்டர். எட்டாவது வரை படித்தவன்.

என் மகள். அப்போது பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் வருஷம். கையில் அட்டைக் கண்ணாடி. காலேஜில் கொடுத்தது.

என் ஃபிட்டர். நான் பற்றவைக்கிற குழாயை நேராக நிறுத்தித் தருகிறவன். என்னைவிடச் சின்னவன். அரியமங்கலத்திலிருந்து பைக்கில் வந்திருந்தான்.

வீட்டுக்கார மாமா. கீழே குடியிருந்தார். தண்ணீர் டேங்க் மூடிமேல் தர்ப்பை வைக்க ஏறி வந்தார்.

என் மனைவி. மாடிக் கதவுக்கு உள்பக்கம் நின்றாள். வெளியே கால் வைக்கவில்லை.

அவள் பக்கத்தில் ஒரு உலக்கை. தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்தியிருந்தாள். கிரகணம் பிடித்திருக்கும்வரை உலக்கை நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பார்கள்.

மேலே சூரியன்.

ஸ்ரீரங்கத்தில் வடக்குப் பக்கம், கொள்ளிடம் போகிற வழியில் எங்கள் வாடகை வீடு. அந்த மார்கழியில் வளையக் கிரகணம் எங்கள் ஊருக்கு நேரே விழுந்தது. காலை டிபன் நேரம். யாரும் சாப்பிடவில்லை. எனக்கும் ஃபிட்டருக்கும் மதிய ஷிஃப்ட்.

மாமா தர்ப்பையை வைத்தார். பறக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல்லை வைத்தார்.

"மாமா, செங்கல்லுக்குத் தோஷம் இல்லையா?" என்றான் ஃபிட்டர்.

"செங்கல்லுக்கு இல்ல. ஒனக்குத்தான். நேருக்கு நேரா பாக்கப்படாது."

"கண்ணாடி இருக்கு மாமா."

"வெச்சிண்டிரு" என்று இறங்கிப் போனார்.

கண்ணாடி என்றால் என் வெல்டிங் முகக்கவசத்தில் இருக்கும் கருப்புக் கண்ணாடி. கழற்றிக் கொண்டு வந்திருந்தேன். அதற்கு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற இருட்டு. நான் மெல்லிய குழாய் பற்றவைப்பவன். கரண்ட் குறைவாக வைப்பேன். அதற்கு ஒன்பதாம் நம்பர் போதும். அதற்கு மேல் போனால் இரும்பு உருகுவது தெரியாது.

"அப்பா, அது எத்தனாம் நம்பர்?" என்றாள் மகள்.

"ஒம்போது."

"பதினாலு வேணும்னு மேடம் சொன்னாங்க."

"பதினாலா?" என்றான் ஃபிட்டர். "அத எங்க ஷாப்புல யாருமே பாத்ததில்ல பாப்பா. ஆர்க் எவ்வளவு சூடுன்னு தெரியுமா? சூரியன விட ஜாஸ்தி. அதையே உங்கப்பா இந்தக் கண்ணாடியிலதான் பாக்கறாரு."

"சூடு வேற, வெளிச்சம் வேற."

"எனக்கு எதுக்குப் பாடம் எடுக்கற? உங்கப்பாவுக்கு எடு."

நான் சொன்னேன். "நான் தெனமும் சூரியனோடதான் குடும்பம் நடத்தறேன். இன்னைக்கு என்ன புதுசா?"

"அப்ப நான் யாரு?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் சிரித்தோம். மகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அட்டைக் கண்ணாடியை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் நீட்டியபடி நின்றாள். பிறகு கையை மடக்கிக்கொண்டாள்.

வெல்டிங் ராடின் முனையில் எரியும் மின்சார வெளிச்சம்தான் ஆர்க். அது சூரியனைவிடச் சூடு என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது. பொய்யும் இல்லை. ஆனால் நாங்கள் ஆர்க்கைப் பார்ப்பதே இல்லை. அதன் பக்கத்தில் உருகி நகரும் இரும்பைப் பார்க்கிறோம். அது நகர்ந்தால் கண்ணும் நகரும். உருகிச் சேரும் ராடு தீர்ந்தால் நிறுத்துவோம். சூரியன் நகரவில்லை. அதன் ராடு தீரவில்லை.

இடது கண்ணை மூடிக்கொண்டேன். குழாய் நேராக இருக்கிறதா என்று பார்க்கும்போது அப்படித்தான் மூடுவேன். வலது கண்ணுக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்தேன்.

பழுக்கக் காய்ந்த வாஷர் மாதிரி இருந்தது. நடுவில் ஓட்டை. ஓட்டை முழுக்கக் கருப்பு. வெயில் புகை வழியாக வருவது மாதிரி ஆகிவிட்டது. முருங்கை மரத்தின் நிழலில் தரையெல்லாம் சின்னச் சின்ன வளையம். தெருவில் சத்தமே இல்லை.

ஃபிட்டரிடம் கொடுத்தேன். பார்த்த வேகத்தில் திருப்பிக் கொடுத்தான்.

"கூசுதுண்ணே."

எனக்கும் கூசியது. கூச்சத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழகியவன் நான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். மறுபடியும் வாங்கிப் பார்த்தேன். வளையம் ஒரு பக்கம் உடைகிறவரை கண்ணை எடுக்கவில்லை.

கிரகணம் விட்டது. எல்லோரும் குளித்தோம். மனைவி அடுப்புப் பற்றவைக்கப் போனாள். போனவள் திரும்பி வந்தாள்.

"ஏங்க, உலக்கை இன்னும் விழலயே."

"தட்டி விடு" என்றேன்.

அவள் தட்டவில்லை. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் சாத்தினாள்.

எங்கள் ஷாப் துவாக்குடி பக்கம். கொதிகலனுக்குக் குழாய் செய்து கைலாசபுரத்துப் பெரிய ஃபேக்டரிக்கு அனுப்பும் சின்ன இடம். மதியம் முதல் ஜாயிண்ட். முகக்கவசத்தை இறக்கினேன். ஆர்க் அடிப்பதற்கு முன் உள்ளே இருட்டாக இருக்கும். அந்த இருட்டில் வாஷர் தெரிந்தது.

ஆர்க் அடித்தேன். வெளிச்சத்தில் அது கருப்பாக மாறியது. இரும்பு உருகும் இடத்துக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்தது. பார்வையைத் தள்ளினேன். அதுவும் கூடவே நகர்ந்தது.

கண்ணில் ஆர்க் அடிப்பது எங்களுக்குப் புதிது இல்லை. அன்று ராத்திரி மணல் கொட்டினது மாதிரி வலிக்கும். உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி இமைமேல் வைத்துக்கொண்டு படுப்போம். மறுநாள் சரியாகிவிடும். நானும் நறுக்கி வைத்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தேன்.

வலி வரவில்லை. அதுதான் பயம்.

விடிந்தது. மனைவி காப்பியோடு வந்தாள். இடது கண்ணை மூடிப் பார்த்தேன். அவளுக்குக் காது இருந்தது. கம்மல் இருந்தது. நடுவில் முகம் இல்லை.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

தென்னூரில் ஒரு கண் டாக்டர். அந்தம்மா விளக்கடித்துப் பார்த்தார். என்னவென்று நான் சொல்லும் முன்பே கேட்டார்.

"கிரகணம் பாத்தீங்களா?"

"ஆமாங்க."

"எத வெச்சு?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. கண்ணின் பின்பக்கம், பார்வை விழும் நடு இடத்தில் சுட்டிருக்கிறது என்றார். வலிக்கும் நரம்பு அங்கே இல்லையாம். அதனால்தான் சுட்டபோது தெரியவில்லை. சுட்ட புண் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும் என்றார்.

"மருந்துங்க?"

"இதுக்கு மருந்து கெடையாது. தானா ஆறணும். சில பேருக்கு முழுசா ஆறும். சில பேருக்குக் கொஞ்சம் தங்கிடும்."

"எனக்குங்க?"

"இப்ப சொல்ல முடியாது."

ஒரு அட்டை கொடுத்தார். முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். நடுவில் ஒரு புள்ளி. காலையில் இடது கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புள்ளியைப் பார்க்கணும். எத்தனை கட்டம் மறைகிறது என்று எண்ணணும். குறைந்தால் ஆறுகிறது என்று அர்த்தம்.

அங்கேயே எண்ணினேன். முப்பத்தொன்று.

வலது கண்தான் எனக்கு வேலைக் கண். குழாயின் அடிப்பக்கம் சாய்ந்து பார்க்கும்போது அதுதான் முன்னால் போகும். அது போனால் வெல்டர் இல்லை. வீட்டில் இதை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. காலையில் நான் அட்டையைப் பிடிக்கும்போது அடுப்படியில் பாத்திரச் சத்தம் நிற்கும். எண்ணிக்கையை நான் சொன்னதும் மறுபடியும் ஆரம்பிக்கும்.

இரண்டு கண்ணும் திறந்திருந்தால் உலகம் கிட்டத்தட்ட முன்போலத்தான். நடுவில் ஒரு கலங்கல். ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எதைப் பார்த்தாலும் இடது கண்ணை மூடினேன். அது இருக்கிறதா என்று பார்க்கத்தான். இருந்தது. பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது மலைக்கோட்டையைப் பார்த்தேன். பாறை மட்டும். உச்சியில் பிள்ளையார் கோயில் இல்லை. மன்னார்புரத்தில் டிராபிக் போலீஸ் கை காட்டினார். கைக்குச் சொந்தமான ஆள் இல்லை. கண்ணை மூடினால் அது வெளிச்சமாக வந்தது. திறந்தால் கருப்பு. தூங்கும்போதும் அது கூட இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு நாள் கோயிலுக்குப் போனேன். பெரிய கூட்டம் இல்லை. உள்ளே இருட்டு. பெருமாள் படுத்திருக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் இடது கண்ணை மூடினேன். செய்யக்கூடாது என்று நினைத்தபடியே மூடினேன். திருமுகம் இருக்க வேண்டிய இடத்தில் வளையம். நகரச் சொல்லி முன்னால் இருந்தவர் கையை ஆட்டினார். நகர்ந்தேன்.

வாசலில் வீட்டுக்கார மாமா.

"நன்னா சேவிச்சேளா?"

"பாதம் தெரிஞ்சுது மாமா."

அவர் என் கண்ணைப் பார்த்தார். அன்று மாடியில் சொன்னதை அவர் பிறகு ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

"அது போறும். பாதம் போறும்" என்றார்.

என் மகள் சரியாகப் பேசாமல் இருந்தாள். சாப்பிடும்போது என் தட்டைப் பார்ப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஃபிட்டரும் வந்திருந்தான். அவன் வாரா வாரம் வர ஆரம்பித்திருந்தான். கொய்யா கொண்டு வருவான், கேரட் கொண்டு வருவான். கண்ணுக்கு நல்லது என்று யாரோ சொன்ன எல்லாவற்றையும் கொண்டு வருவான். ஒன்பது போதும் என்று சொன்னது தன் வாய்தான் என்று அவனுக்கு உறுத்தல்.

எங்கள் தொழிலில் எதைத் தொடும் முன்பும் ஒரு கேள்வி கேட்போம். அதை மகளிடம் கேட்டேன்.

"சூரியன் என்ன மெட்டீரியல்?"

நிமிர்ந்தாள். "என்னப்பா?"

"எதுல செஞ்சது? என்னைச் சுட்டது என்னன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"கேஸ்ப்பா. எடையில நாலுல மூணு பங்கு ஹைட்ரஜன்."

நானும் ஃபிட்டரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

ஹைட்ரஜனை எங்களுக்குத் தெரியும். பார்த்ததில்லை. ராடில் துளி ஈரம் இருந்தால் போதும். ஆர்க்கில் அந்தத் தண்ணீர் உடைந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் போய்விடும். அப்போது ஒன்றும் தெரியாது. ஜாயிண்ட் பளபளவென்று இருக்கும். ஆறும். ஒரு நாளோ இரண்டு நாளோ போகும். பிறகு யாரும் தொடாமலே விரியும். அதற்காகத்தான் ராடை ஓவனில் காய்ச்சிச் சூடாகவே எடுப்போம். ஷாப்பில் அதை ஹைட்ரஜன் என்று சொல்ல மாட்டோம். 'உள்ள பூந்துடுச்சு' என்போம்.

ஒரு தடவை காலை ஷிஃப்டில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மெஷின் எதுவும் ஓடவில்லை. முந்தின நாள் முடித்து வைத்த கனமான குழாயிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். நகத்தை வெட்டினது மாதிரி. எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்தோம். தலை முடி அகலத்தில் ஒரு கோடு. உள்ளே புகுந்தது வெளியே வந்த வழி.

"அப்ப எனக்கு உள்ள பூந்துடுச்சு" என்றேன்.

"அப்பா, ஹைட்ரஜன் வந்து உன் கண்ணுல பூரல. வெளிச்சம்தான் வந்துச்சு."

"வெளிச்சம் எதுலேர்ந்து வந்துச்சு?"

"ஹைட்ரஜன்லேர்ந்து."

"அதான் சொல்றேன்."

அவள் சிரித்துவிட்டாள். அன்றைக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அதற்கப்புறம் அவளே சொன்னாள். மிச்சம் நாலில் ஒரு பங்கு ஹீலியம். அது ஒன்று இருக்கிறது என்பதே முதலில் சூரியனில்தான் தெரிந்ததாம். பழைய காலத்தில், நம் பக்கத்து ஆந்திராவில் தெரிந்த ஒரு கிரகணத்தின்போது வெளிச்சத்தில் ஒரு புதுக் கோடு பார்த்திருக்கிறார்கள். பூமியில் அதைக் கண்டுபிடித்தது ரொம்ப வருஷம் கழித்துத்தான்.

"அவங்க எத்தனாம் நம்பர் கண்ணாடி போட்டிருந்தாங்க?" என்றான் ஃபிட்டர்.

"அங்க போகாமயே எப்படிச் சொல்றாங்க, இதுதான் இருக்குன்னு?" என்று கேட்டேன்.

"வெளிச்சத்தப் பிரிச்சுப் பாப்பாங்கப்பா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடு. எந்தக் கோடு இருக்கோ அந்தப் பொருள் அங்க இருக்கு."

இது எனக்குப் புரிந்தது. பழைய இரும்பு வந்தால் கிரைண்டரில் ஒரு உரசு உரசுவோம். சாதா இரும்பில் பொறி நீளமாக நேரே போகும். கார்பன் அதிகம் இருந்தால் பூ மாதிரி வெடிக்கும். ஸ்டெயின்லெஸ் என்றால் குட்டையாகச் சிவந்து அடங்கும். பொறியைப் பார்த்து மெட்டீரியல் சொல்வோம். அதைச் சொன்னேன்.

"அதேதான்ப்பா. கிட்டத்தட்ட அதேதான்" என்றாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள்.

"எப்படி எரியுது அது? ஆக்சிஜன் வேணாமா?"

"எரியல. நடுவுல இருக்கற அழுத்தத்துல நாலு ஹைட்ரஜன் சேந்து ஒரு ஹீலியம் ஆகுது. சேரும்போது வெளிச்சம் வருது."

"சேக்கறதா? அப்ப வெல்டிங்கு."

"வெல்டிங்னே வெச்சுக்கோ."

"ராடு தீராதா?"

"தீரும். இப்பத்திக்கு இல்ல."

அப்புறம் ஒன்று சொன்னாள். அதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். நடுவில் உண்டாகும் வெளிச்சம் உடனே வெளியே வராதாம். உள்ளேயே முட்டி மோதி, ஆயிரக்கணக்கான வருஷம் கழித்துத்தான் மேலே வருமாம். மேலே வந்தபிறகு நம்மிடம் வர எட்டு நிமிஷம்.

"அப்ப என் கண்ணுல பட்டது?"

"ரொம்பப் பழசுப்பா."

அன்று அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆனால் அது என்னை விடவில்லை. கோயில் கட்டும் முன்னால், ஊர் உண்டாகும் முன்னால், அது கிளம்பியிருக்கிறது. வழி தெரியாமல் உள்ளேயே அலைந்திருக்கிறது. வெளியே வந்து எட்டு நிமிஷத்தில் வடக்குத் தெரு மொட்டை மாடிக்கு வந்து, ஒன்பதாம் நம்பர் கண்ணாடி வழியாக எனக்குள் புகுந்துவிட்டது. நடுவில் உட்கார்ந்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு தூரம் வந்தது எங்கேயாவது உட்காரத்தானே செய்யும் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு இரும்பைப் பற்றிக் கேட்டேன்.

"சூரியன்ல இரும்பு உண்டா?"

"கொஞ்சம். ஹைட்ரஜனும் ஹீலியமும் போக மத்த எல்லாம் சேத்தே நூத்துக்கு ரெண்டுகூட வராது. அதுல ஆக்சிஜன், கார்பன், இரும்பு, எல்லாம் உண்டு."

"அது செஞ்ச இரும்பா?"

"இல்லப்பா. சூரியனால இரும்பு செய்ய முடியாது. அதுக்கு முன்னாடி இருந்த பெரிய நட்சத்திரங்க செஞ்சது. அதுங்க செத்து வெடிச்சு, அந்தத் தூள்லேர்ந்துதான் சூரியன், பூமி எல்லாம் வந்துச்சு. நம்ம ரத்தத்துல இருக்கற இரும்பும் அதுதான்."

"அப்ப நம்ம ஷாப்பு சுடுகாடுன்னு சொல்லு" என்றான் ஃபிட்டர்.

"ஃபிட்டர் மாமா, உங்களையும் அதுலதான் செஞ்சிருக்கு."

"என்னை ஸ்கிராப்புலதான் செஞ்சேன்னு எங்கம்மாவே சொல்லும்."

மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "மத்த கிரகமெல்லாம்?" என்றாள். அவள் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"வியாழன், சனி ரெண்டும் பெரும்பாலும் சூரியன் மாதிரியே கேஸ்ம்மா. ஹைட்ரஜன், ஹீலியம். பூமி, செவ்வாய், புதன், சுக்கிரன் எல்லாம் கல்லும் இரும்பும். பூமிக்கு நடுவுல பெரிய இரும்பு உருண்டை இருக்கு."

"சனி கேஸா? அப்ப சனிக்கெழமை நான் எள்ளு தீபம் போடறது கேஸுக்கா?"

"போடும்மா. எரியற சாமானுக்குத்தானே போடற."

"வாயப் பாரு."

மகள் என் பக்கம் திரும்பினாள். "எல்லாத்தையும் தராசுல வெச்சு நூறு கிலோன்னு வெச்சுக்கோப்பா. சூரியன் மட்டும் தொண்ணூத்தொம்போதே முக்கால் கிலோவுக்கு மேல. மிச்சம் இருக்கற துளிதான் எல்லாக் கிரகமும். பூமி, மலைக்கோட்டை, நீ, நான்."

ஷாப் மூடும்போது தரையைப் பெருக்குவோம். கிரைண்டிங் தூள் ஒரு முறம் வரும். அதுதான் நாம் என்று நினைத்தேன்.

ஷாப்பில் அப்போது வெல்டிங்கை விட்டுச் சில்லறை வேலைதான் செய்துகொண்டிருந்தேன். அதன்பிறகு குழாய் அடுக்கின பக்கம் போனால் மெதுவாக நடந்தேன். வரிசையாகப் படுத்திருக்கும் குழாய்கள். முனை எல்லாம் வளையம். கருப்பு ஓட்டை. அங்கேயும் அது என்னைப் பார்ப்பது மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

கட்டங்கள் குறைந்தன. இருபத்தாறு. இருபத்திரண்டு. நோய் பரவி ஊர் அடங்கிக் கிடந்த மாதங்களில் வேறு வேலை இல்லை. காலையில் எண்ணுவதுதான் வேலை. பத்தொன்பது. ஒரு நாள் பதினேழு.

"கொறையுதுல்ல?" என்றாள் மகள். சத்தமாகவே சொன்னாள். அன்று மனைவி பாயசம் வைத்தாள்.

ஷாப் திறந்ததும் டெஸ்ட். எங்கள் வேலையில் சும்மா திரும்பி வர முடியாது. கொஞ்ச காலம் வெல்டிங் செய்யாமல் இருந்தால் மறுபடியும் ஒரு சாம்பிள் குழாய் பற்றவைத்துக் காட்ட வேண்டும். அதை எக்ஸ்ரே எடுப்பார்கள். பாஸ் ஆனால்தான் ஜாயிண்ட் கொடுப்பார்கள்.

ஃபிட்டர் குழாயை நிறுத்திக் கொடுத்தான். அன்றைக்கு அவன் நிறுத்தின மாதிரி என்றும் நிறுத்தியதில்லை. இடைவெளியைத் திரும்பத் திரும்ப அளந்தான்.

"இடது கண்ணுல பாத்துப் பண்ணுண்ணே."

"சரிடா."

இடது கண்ணை முன்னால் கொடுத்துச் செய்தேன். மேல்பக்கம் நன்றாக வந்தது. அடிப்பக்கம் போகும்போது தலை தானாகத் திரும்பியது. இத்தனை வருஷப் பழக்கம். வலது கண் முன்னால் போனது. உருகும் இடத்தில் வளையம் வந்து உட்கார்ந்தது. நிறுத்தவில்லை. கைப் பழக்கத்தில் சுற்றி முடித்தேன். முடித்ததும் பார்த்தோம். பளபளவென்று இருந்தது.

"சூப்பர்ண்ணே" என்றான்.

வெளியே தெரிவதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும்.

எக்ஸ்ரே ஃபிலிமை இன்ஜினியர் விளக்குப் பெட்டியில் வைத்தார். சின்னப் பையன். என்னிடம் மரியாதை உள்ளவன். அடிப்பக்கத்தில் ஒரு மெல்லிய கருப்புக் கோடு. இரண்டு இரும்பும் அங்கே சேரவில்லை.

"அண்ணே, நீங்களாண்ணே இது?"

"நான்தான்."

"திரும்ப ஒரு தடவை…"

"வேணாம் தம்பி" என்றேன்.

கோடு எங்கே இருக்கும் என்று ஃபிலிமைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

என்னைக் கிரைண்டர் வேலையில் போட்டார்கள். அதில்தான் இன்னும் இருக்கிறேன். குழாய் முனையைச் சீவிக் கொடுப்பது. என் இடத்தில் ஒடிசாவிலிருந்து வந்த ஒருவன் பற்றவைக்கிறான். நல்ல கை. அவன் ஆர்க் அடிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சுவரில் என் நிழல் துடிக்கும். என் கிரைண்டரில் பொறி பறக்கும். செத்தவர்கள் சாம்பல் பறப்பது மாதிரி நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். சில நாள் முடிகிறது.

ஃபிட்டர் இன்னும் ஞாயிறு வருகிறான். வீட்டுக்கார மாமா இல்லை, போய்விட்டார். தர்ப்பைமேல் வைத்த செங்கல் இன்னும் டேங்க் மேல் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. உலக்கையும் மனைவி சாத்தின இடத்திலேயே இருக்கிறது. ஒரு தடவை நான் எடுத்து உள்ளே வைக்கப் போனேன்.

"அது விழட்டும். அப்புறம் எடுக்கலாம்" என்றாள்.

சாத்தி வைத்த உலக்கை எப்படி விழும் என்று நான் கேட்கவில்லை.

மகள் இப்போது சென்னையில் ஒரு ஸ்கூலில் டீச்சர். சூரியன் பாடம் எடுக்கிறாள். ஞாயிறு காலையில் போன் செய்வாள். முதலில் அம்மாவிடம் சமையல் பேசுவாள். பிறகு என்னிடம் கொடுக்கச் சொல்வாள்.

"எப்படிப்பா இருக்கு?"

"கொறையுது."

"சரிப்பா."

இவ்வளவுதான் பேச்சு. வருஷக்கணக்காக இதே பேச்சு. அவள் கை நீட்டியபடி நின்றது எனக்குத் தெரியும். நான் வாங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்று அவள் நினைக்கிறாள். சொல்லியிருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். இதை அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. அதனால்தான் கொறையுது என்கிறேன்.

இந்த ஞாயிறு வேறு மாதிரி ஆகிவிட்டது.

"எப்படிப்பா இருக்கு?"

"கொறையுது."

"எத்தனை?"

"கொறையுதும்மா."

"அப்பா." பின்னால் ஏதோ பஸ் ஹாரன். "ஸ்கூல்ல ஒரு பொண்ணு கேட்டா. மிஸ், சூரியனப் பாத்தா என்ன ஆகும்னு. என்னால பதில் சொல்ல முடியல. கொறையுது, கொறையுதுன்னா இந்நேரம் தீந்திருக்கணும்ப்பா. கணக்கு எனக்கும் தெரியும்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அட்டையை எடு. எண்ணு. நான் லைன்ல இருக்கேன்."

அட்டை அலமாரிக் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. ஓரம் மஞ்சளாகிவிட்டது. மனைவி அடுப்படியில் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அதன்பிறகு சத்தம் இல்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். அலமாரி முன் நின்றேன். இடது கண்ணை மூடினேன். நடுப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். அது வந்து உட்கார்ந்தது. அதன் ஓரத்தை விரலால் தொட்டுக்கொண்டே எண்ணினேன். எண்ணி முடித்து, தப்பாக இருக்கட்டும் என்று இன்னொரு தடவை எண்ணினேன்.

"சொல்லுப்பா" என்றாள்.

பதினேழு.